திருவான்மியூர் முதல் கோவளம் வரை: நண்பர்களோடு முதல் சைக்கிள் ரைடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கியர் சைக்கிள் வாங்கும் பலருக்கும் முதல் நீண்ட ரைடு கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் அமைகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ரைடை மனத்தில் வைத்து எழுதியவை. திருவான்மியூரில் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி, கோவளம் போய்த் திரும்புவது. போகவர ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆறு முதல் எட்டுப் பேர். அதில் ஒருவராவது இதுவரை குழுவாக ஓட்டியதே இல்லை. அந்த ஒருவருக்காகத்தான் இந்தக் கேள்விகள். அவரை அழைத்துப் போகிறவர்களும் படிக்க வேண்டும்.

முதல் முறையே மாமல்லபுரம் வரை போகக் கூடாதா?

வேண்டாம். மாமல்லபுரம் என்றால் போகவர 90 கிலோமீட்டர். பாதி தூரத்தில் உடம்பு முடியவில்லை என்றால் 45 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும், அதுவும் வெயிலில். கோவளத்தில் திரும்பினால் எந்த இடத்திலும் வீடு 23 கிலோமீட்டருக்குள் இருக்கும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6:15-க்குக் கோவளம். இருபது நிமிடம் ஓய்வு. எட்டு மணிக்கு முன்பே திருவான்மியூர் வந்துவிடலாம். வார இறுதியில் எட்டு மணிக்கு மேல் கார்களும் பைக்குகளும் கூடிவிடும், வெயிலும் சுள்ளென்று ஏறிவிடும். இந்த எட்டு மணி கணக்கை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு எவ்வளவு பழகியிருக்க வேண்டும்?

முந்தைய மூன்று வாரங்களில் வாரம் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் போதும். முதல் வாரம் 15, அடுத்த வாரம் 20–25, மூன்றாவது வாரம் ஒரே மூச்சில் 30 கிலோமீட்டர். அந்த 30-ஐ முட்டி வலி, கை மரத்துப்போவது, உட்காரும் இடத்தில் புண் என்று எதுவும் இல்லாமல் முடித்தவருக்கு 45 எட்டாத தூரம் இல்லை. ரைடுக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக ஓட்ட வேண்டாம்.

இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வர வேண்டும். இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கு நீண்ட நேரம் ஓட்டும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அன்றைய மருந்தளவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். பக்கத்தில் ஓட்டுபவர் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன். மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்காதா?

புதியவர்கள் வராமல் போவதற்கு இந்தத் தயக்கம்தான் முதல் காரணம். முதல் ரைடின் வேகத்தை நிர்ணயிப்பவர் குழுவில் மெதுவாக ஓட்டுபவர்தான். இதைக் கிளம்பும் முன்பே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும். வேகமாகப் போக விரும்புபவர் இன்னொரு நாள் போகட்டும்.

ஓட்டும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் உங்களுக்கு அதிகம். உடனே "கொஞ்சம் மெதுவா" என்று குரல் கொடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் இழுத்துப் பிடித்தால், திரும்பும் வழியில் கால் நின்றுவிடும். அப்போது குழு மொத்தமும் வெயிலில் நிற்க நேரிடும். முன்பே சொல்வதுதான் எல்லாருக்கும் செய்யும் உதவி.

என்னிடம் ரோட் பைக் (மெல்லிய டயர் உள்ள வேக சைக்கிள்) இல்லை. ஹைபிரிட் (ரோட் பைக்குக்கும் எம்டிபிக்கும் இடைப்பட்டது), எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), சாதா சைக்கிள் சரிப்படுமா?

மூன்றும் சரிப்படும். பாதை பெரும்பாலும் சமதளம். ஏற்றம் என்று சொன்னால் முட்டுக்காடு பாலம்தான். எம்டிபியின் கட்டை கட்டையான டயர் தார்ச்சாலையில் அதிக உழைப்பைக் கேட்கும்; முன்பக்க சஸ்பென்ஷனுக்கு லாக் இருந்தால் பூட்டிக்கொள்ளுங்கள். கியர் இல்லாத சைக்கிளில் மணிக்கு 15–16 கிலோமீட்டர்தான் சுகமாக வரும் என்றால், குழுவின் வேகமும் அதுதான்; எட்டு மணி கணக்கு தவறாமலிருக்க அதற்கேற்ப முன்னதாகக் கிளம்புங்கள்.

இரவல் வண்டி என்றால் முந்தைய நாளே வாங்கி ஐந்து கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். எந்தக் கை லீவர் முன் பிரேக் என்பது வண்டிக்கு வண்டி மாறியிருக்கலாம். இதைச் சாலையில் அவசரமாகப் பிடிக்கும்போது கண்டுபிடிக்கக் கூடாது. ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் வகையை முதல் குழு ரைடில் பழக வேண்டாம்.

சீட் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டு, முட்டி மடங்காமல், இடுப்பு ஒரு பக்கம் சரியாமல் இருந்தால் உயரம் சரி. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதி பெடலில் இருக்கும். அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் வேண்டும்.

இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் புதியவர்களிடம் அதிகம். அரை மணி நேர ஓட்டத்துக்கு அது தெரியாது. இரண்டு மணி நேரத்தில் முட்டிக்கு முன்னால் வலி பிடிக்கும். முட்டிக்குப் பின்னால் இழுத்தால் சீட் கூடுதல் உயரம் என்று பொருள். மாற்றும்போது ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். சீட்டைத் தாங்கும் குழாயில் (சீட் போஸ்ட்) உள்ள உச்சக் கோடு வெளியே தெரியவே கூடாது.

டயரில் எவ்வளவு காற்று?

65–75 கிலோ எடையுள்ளவருக்கு, டியூப் உள்ள டயரில், டயரின் அகலம் 25 மி.மீ. என்றால் 85–95 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), 28-க்கு 70–80, 32-க்கு 55–65, 38–40 மி.மீ. ஹைபிரிட் டயருக்கு 45–55. பின் டயருக்கு முன் டயரைவிட ஐந்து பிஎஸ்ஐ கூட வைக்கலாம், எடை அங்கேதான் அதிகம் இறங்குகிறது. எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

டியூபிலிருந்து காற்று தானாகவே கசிந்துகொண்டிருக்கும். போன வாரம் அடித்தது இந்த வாரத்துக்கு உதவாது. முந்தைய இரவு, அளவுமானி உள்ள நிற்கும் பம்பில் அடித்துவிடுங்கள். மெல்லிய நீண்ட பிரெஸ்டா வால்வு என்றால், தலையில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, ஒரு தடவை அழுத்திக் காற்றை விட்டுப் பார்த்த பிறகு பம்பை மாட்டுங்கள். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் இதில் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். பொருந்தினாலும் சைக்கிள் டியூபின் கொள்ளளவு சிறியது. ஒரு நொடி கூடுதலாக வைத்தாலே வெடிக்கலாம்.

கிளம்பும் முன் வண்டியில் எதையெல்லாம் பார்ப்பது?

இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வண்டியை முன்னே தள்ளுங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போனால் பிரேக் கம்பி தளர்ந்திருக்கிறது அல்லது பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ஆடாமல், எதிலும் உரசாமல் சுற்ற வேண்டும். இரண்டு சக்கரத்தின் குவிக் ரிலீஸ் லீவரும் (சக்கரத்தைக் கருவியின்றிக் கழற்ற உதவும் அச்சுப் பிடி) இறுக மூடியிருக்கிறதா என்று கையால் தொட்டே பாருங்கள். காரில் ஏற்றி வந்த வண்டிகளில் இது தளர்ந்து கிடப்பது சாதாரணம். கடைசியாக, வண்டியை ஒரு சாண் தூக்கிக் கீழே போடுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் எது தளர்ந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் கிளம்ப வேண்டும்.

செயினில் எண்ணெய் விடுவதை முந்தைய இரவே முடித்து, மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் துடைத்துவிடுங்கள். சொட்டச் சொட்ட விட்டால் கடற்கரை மணல் முழுக்க அதில் ஒட்டி, அரைத்துத் தள்ளிவிடும்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?

ஒவ்வொருவரும்: ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, 750 மி.லி. தண்ணீர் பாட்டில் இரண்டு, உங்கள் டயர் அளவுக்கும் வால்வுக்கும் பொருந்தும் டியூப் ஒன்று, டயர் லீவர் (டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் சிறு கருவி) இரண்டு, கொஞ்சம் பணம், ஃபோன், ரத்த வகையும் வீட்டாரின் எண்ணும் எழுதிய சீட்டு. டியூபைக் கட்டாயம் அவரவர் கொண்டுவர வேண்டும். 29 அங்குல எம்டிபியின் டியூப் 25 மி.மீ. ரோட் பைக் டயருக்குள் போகாது.

குழுவுக்கு இரண்டு கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. அல்லன் கீயும் செயின் கட்டரும் உள்ள மல்டி டூல், பஞ்சர் பேட்ச், முதலுதவிப் பொருட்கள். இவற்றை முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு இல்லாதவரை அழைத்துப் போகாதீர்கள். சென்னையில் ஜூன் மாதம் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய 5:45 ஆகும். ஜனவரியில் ஆறரை தாண்டிவிடும். ஐந்து மணி என்பது எந்த மாதத்திலும் இருட்டுதான். பின் விளக்கைக் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு மின்ன விடாதீர்கள், பின்னால் வரும் உங்கள் நண்பருக்குச் சாலை தெரியாது.

உடை?

வியர்வை உலரும் சட்டை, பளிச்சென்ற நிறம். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டால் அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது. உள்ளாடையின் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்குகிறது. தொடை இடுக்கில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். ஷூ லேஸை உள்ளே செருகிவிடுங்கள், வலக்கால் லேஸ் செயினில் சிக்கும். தளர்ந்த பேண்ட் என்றால் வலக்காலில் ரப்பர் பட்டை. துப்பட்டா வேண்டாம்.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது?

நாலு மணிக்கு எழுந்து வயிறு முட்டச் சாப்பிட முடியாது, தேவையும் இல்லை. முந்தைய இரவு வழக்கமான சாப்பாடு, கொஞ்சம் சீக்கிரமாக. காலையில் ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு இட்லி, ஒரு காபி. கிளம்பி ஒரு மணி நேரம் ஆனதும் உடம்புக்கு மாவுச்சத்து தேவைப்படும், மணிக்கு 30 கிராம் போதும். ஒரு பெரிய வாழைப்பழம் கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் சட்டைப் பையில் இருந்தால் நல்லது. பசித்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்ய நேரமாகும். அதற்குள் தலை கிறுகிறுத்து, கால் வெலவெலத்துப் போகும்.

தண்ணீர் மணிக்கு 500–750 மி.லி., புழுக்கமான நாளில் அதற்கு மேலும். தாகத்துக்குக் காத்திருக்காமல் கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய். ஒரு பாட்டில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்தது. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரையுங்கள். வீட்டில் செய்வதென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ருசிக்கு எலுமிச்சை. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும்; அதோடு உப்பும் போகும்.

எவ்வளவு குடித்தது போதவில்லை என்பதை எடை சொல்லிவிடும். கிளம்பும் முன்பும் திரும்பிய பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. அடுத்த ரைடுக்கான கணக்கு கிடைத்துவிடும்.

வரிசையில் எப்படி ஓட்டுவது? எனக்கு முன்னால் போகிறவரை இடித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

குழு ரைடில் கற்றுக்கொள்ள வேண்டியதில் பெரும்பகுதி இதுதான். பலமும் வேகமும் இரண்டாம் பட்சம். அடுத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன் வண்டியின் பின் சக்கரத்துக்கும் உங்கள் முன் சக்கரத்துக்கும் இடையே குறைந்தது ஒரு சைக்கிள் நீளம் விடுங்கள். பழகியவர்கள் ஒரு முழத்தில் ஒட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இருப்பவர் காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருபவரின் உழைப்பு 20–30 சதவீதம் வரை குறையும், அதற்காகத்தான் அவர்கள் ஒட்டுகிறார்கள். முதல் ரைடில் அந்த லாபம் உங்களுக்கு வேண்டாம். ஒரு சைக்கிள் நீளத்திலும் அதில் கொஞ்சம் கிடைக்கும்.

உங்கள் முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்காகச் சற்று ஒதுங்கினால் இரண்டு சக்கரமும் உரசும். அப்போது முன்னவர் தப்பித்துவிடுவார், விழுவது பின்னால் இருப்பவர்தான். முன் சக்கரம் தட்டிவிட்டால் சமநிலையை மீட்கும் வழி இல்லை.

கண்ணை முன்னவரின் சக்கரத்தில் பதிக்காதீர்கள். அவருடைய தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேருக்கு அப்பால் சாலையைப் பாருங்கள். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலில் மிதிப்பதை நிறுத்துங்கள். அடுத்து நிமிர்ந்து உட்காருங்கள். மார்பில் படும் காற்றே பிடித்து நிறுத்தும். அதற்குப் பிறகுதான் பிரேக், அதையும் விரல் நுனியால் இரண்டு பக்கமும் சேர்த்து மெதுவாக.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும் நொடியில் உங்கள் வண்டி அரை அடி பின்வாங்கும். பின்னால் இருப்பவருக்கு நீங்கள் பிரேக் பிடித்தது போலத்தான் அது இருக்கும். எழுவதற்கு முன் "எழுறேன்" என்று சொல்லுங்கள், பெடலில் அழுத்தத்தை விடாமல் எழுங்கள். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது இது கட்டாயம் நடக்கும். அங்கே கியரையும் ஏற்றம் தொடங்கும் முன்பே இலேசாக்கிவிடுங்கள். பாதி ஏற்றத்தில், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால்தான் செயின் கழல்கிறது.

கை சைகைகள் எவை? ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கத் தெரியாதே?

எடுக்கத் தெரியாவிட்டால் எடுக்காதீர்கள். குரல் போதும். "குழி இடது", "மணல்", "ஸ்பீடு பிரேக்கர்", "மெதுவா", "நிக்கிறோம்". கடைசியில் வருபவர் "பின்னாடி பஸ்" என்று சொன்னால் ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவருக்கு அதைக் கடத்த வேண்டும்.

பழகியவர்களுக்கு: பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கையால் தரையைக் காட்டுவது, மெதுவாக என்றால் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைப்பது, நிற்க என்றால் கையை உயர்த்தி விரிப்பது, இடப்பக்கம் வண்டி நின்றிருந்தால் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வலப்பக்கமாக வீசுவது. திரும்பும் பக்கம் கையை நீட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததே. எல்லாப் பள்ளத்தையும் காட்ட வேண்டியதில்லை. சக்கரம் மாட்டும் அளவுள்ளதை மட்டும் காட்டுங்கள்.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாமா?

இந்தச் சாலையில் வேண்டாம். ஒற்றை வரிசை. கோவளத்தில் பேசிக்கொள்ளலாம். காதில் இயர்ஃபோனும் வேண்டாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை வரை கடைத்தெரு. எதிர்த்திசையில் ஓரமாக வரும் இருசக்கர வண்டிகள், திடீரென்று திறக்கும் கார் கதவுகள். நின்றிருக்கும் காரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே போங்கள். ஓரம் கட்டும் பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையாதீர்கள், பின்னால் நின்றுவிடுங்கள்; இறங்குகிறவர்கள் நேரே உங்கள் மீதுதான் இறங்குவார்கள். அக்கரை தாண்டியதும் வாகனங்களின் வேகம் கூடும்.

ஓரத்தில் சேரும் மணல்தான் சத்தமில்லாத ஆபத்து. மணல்மேல் போக நேர்ந்தால் பிரேக்கும் பிடிக்காமல், ஹேண்டிலையும் திருப்பாமல், நேராக உருண்டு கடந்துவிடுங்கள். முட்டுக்காடு பாலத்தில் இருபுறமும் நீர்ப்பரப்பு. மறைப்பில்லாததால் பக்கக் காற்று வண்டியைத் தள்ளும். ஹேண்டிலை இறுக்காமல் முழங்கையைத் தளர்த்திப் பிடியுங்கள். விடிகிற நேரத்தில் அங்கே காட்சி மிக அழகு. படம் எடுக்கப் பாலத்தில் நிற்காதீர்கள், தாண்டி இறங்கித் தார்ச்சாலைக்கு வெளியே நில்லுங்கள்.

போகும்போது சுலபம், வரும்போது கஷ்டம் என்கிறார்களே?

காற்றுதான் காரணம். சாலை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று முதுகில் தள்ளும். கோவளம் போகும்வரை நமக்கு இவ்வளவு பலமா என்று தோன்றும். திரும்பினால் அதே காற்று நெஞ்சில் அடிக்கும், வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் விழும். அந்த மாதங்களில் போகும்போதே பலத்தை மிச்சம் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பெரும்பாலும் தென்திசைக் காற்று, போவதுதான் கடினம். எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடித்து வைக்கப் போராடாதீர்கள். கியரை ஒரு படி இலேசாக்கி, நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பதை மட்டும் காப்பாற்றுங்கள். பழகியவர்கள் முன்னால் போய் முறைவைத்துக் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும்.

பஞ்சர் ஆனால்?

முதலில் "பஞ்சர்" என்று கத்துங்கள், உடனே பிரேக் பிடிக்காமல் மெதுவாக ஓரம் வாருங்கள். எல்லாரும் சாலையை விட்டு இறங்கி நிற்கட்டும். வழியில் பேட்ச் ஒட்ட உட்கார வேண்டாம், டியூபை மாற்றிவிடுங்கள். ஒட்டுவதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பின் சக்கரம் என்றால் முதலில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றவும் மாட்டவும் சுலபம். ரிம் பிரேக் (கட்டைகள் ரிம்மை இருபுறமும் கவ்வும் வகை) என்றால் அதன் பிடியைத் தளர்த்துங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது லீவரை யாரும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) வகையில் உள்ளே இருக்கும் பேடுகள் ஒட்டிக்கொண்டு டிஸ்க் நுழையாது. குவிக் ரிலீஸைத் திறந்து, டீரெய்லரை (பின் சக்கரத்தருகே தொங்கி, செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்) பின்னால் இழுத்தால் சக்கரம் வந்துவிடும்.

மிச்சக் காற்றை வெளியேற்றி, டயரின் விளிம்பைச் சுற்றிலும் பிசைந்து ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளுங்கள். வால்வுக்கு எதிர்ப்புறத்தில் லீவரைச் செருகி ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். டியூபை உருவியதும் தூக்கிப் போடாதீர்கள். கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று பாருங்கள். வால்வை வைத்து அளந்தால் டயரில் எந்த இடத்தில் முள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிலும் தடவுங்கள். லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி நுனி வெறும் விரலைக் கிழித்துவிடும். இதைத் தேடாமல் புது டியூபைப் போட்டால் அதுவும் சில நிமிடத்தில் இறங்கும். புதியவர்கள் இரண்டாவது டியூபையும் இழப்பது இப்படித்தான்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்தது போல இருந்தால் முள் இல்லை. காற்றுக் குறைவான டயர் பள்ளத்தில் மோதி, ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. அடுத்த முறை காற்றைச் சரியாக அடியுங்கள்.

புது டியூபில் உருண்டை வடிவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து, வால்வை ஓட்டையில் செருகி, டியூபை உள்ளே அடுக்குங்கள். டயரை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி இரண்டு கையாலும் ஏற்றி, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசிப் பகுதியைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். லீவர் போட்டால் டியூபைக் கடித்துவிடலாம். வால்வை ஒரு தடவை உள்ளே அழுத்திவிட்டு, டயருக்கு அடியில் டியூப் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று இருபுறமும் பார்த்த பிறகு காற்றடியுங்கள். சின்னக் கைப்பம்பில் 200 தடவைக்கு மேல் அடிக்க வேண்டியிருக்கும், முறை வைத்து அடியுங்கள். சக்கரத்தை மாட்டியதும் தளர்த்திய பிரேக்கைத் திரும்பப் பூட்ட மறக்காதீர்கள்.

வீட்டுக் கூடத்தில் ஒருமுறையாவது இதைச் செய்து பார்த்துவிட்டு வாருங்கள். இருட்டில் முதல் தடவையாகச் செய்தால் அரை மணி நேரம் போய்விடும்.

செயின் கழன்றால்?

மிதிப்பதை நிறுத்தி ஓரம் வாருங்கள். டீரெய்லரை முன்னால் தள்ளிச் செயினைத் தளர்த்தி, முன் பல்சக்கரத்தின் அடிப்பக்கப் பற்களில் மாட்டி, பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிவிடும். ஒரு பழைய துணி இருந்தால் கை கறுக்காது.

நாய் துரத்தினால்?

வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். உதைக்கப் போனால் நீங்கள்தான் விழுவீர்கள். வேகத்தைக் குறைத்து, அதட்டிக் குரல் கொடுங்கள். விடாமல் வந்தால் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். கடித்தாலோ பல் கீறினாலோ, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சின்னக் கீறல்தானே என்று விடவே கூடாது, வெறிநோய் வந்தபின் பிழைப்பது அரிது.

கை மரத்துப் போகிறது, கழுத்து வலிக்கிறது.

உடம்பின் பாரத்தைக் கையில் போடுகிறீர்கள். முழங்கையை லேசாக மடக்குங்கள், தோளைக் காதிலிருந்து இறக்குங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடிக்கும் இடத்தை மாற்றுங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சரிந்துகொண்டே இருக்கும். அதைச் சமமட்டமாக வைத்தாலே பாதி வலி போகும்.

மழை வந்தால்?

இடி மின்னல் என்றால் ரத்து. தூறல் என்றால் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், பிரேக்கை வழக்கத்தைவிட முன்னதாகத் தொடுங்கள். ஈரமான வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் வழுக்கும். தண்ணீர் நிற்கும் இடத்தில் பள்ளம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது விழுந்தால், மயக்கம் வந்தால்?

முதலில் ஒருவர் பின்னால் ஓடி வாகனங்களை எச்சரிக்க வேண்டும். விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்து வலி, தலையில் அடி, நினைவு தடுமாற்றம் இருந்தால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். எந்த ஊர், எந்தக் கடைக்கு எதிரே என்று சொல்ல ஒருவர் தயாராக இருக்கட்டும். தலை மோதிய ஹெல்மெட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

தலைவலி, குமட்டல், உடம்பு சில்லிடுவது போல ஒரு நடுக்கம் – வெயிலில் இவை வந்தால் ரைடு அவருக்கு அங்கேயே முடிந்தது. நிழல், தண்ணீர், தலையிலும் கழுத்திலும் ஈரத்துணி. பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். ஆட்டோவிலோ சரக்கு வண்டியிலோ சைக்கிளோடு ஒருவர் திரும்புவதில் எந்தக் குறைவும் இல்லை.

ஏற்பாடு செய்பவர் என்ன செய்ய வேண்டும்?

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். முன்னால் போகிறவர் குழுவிலேயே பொறுமைசாலியாக இருக்க வேண்டும். கடைசியில் வருபவர் பஞ்சர் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவரை யாரும் பின்னால் விட்டுச் செல்லக் கூடாது, அவரும் யாரையும் விட்டு வரக் கூடாது. புதியவரை முன்னவருக்கு அடுத்த இடத்தில் வையுங்கள். வால்பகுதியில் வைத்தால் முன்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் குறைத்துக் கூட்டும் வேகம் அவரிடம் வரும்போது பெரிய இழுப்பாக மாறிவிடும், துரத்தித் துரத்தியே களைத்துப் போவார்.

எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து, நடுவில் ஒரு பஸ் தாராளமாக உள்ளே வந்து வெளியேறும் இடைவெளி விடுங்கள். அக்கரை, முட்டுக்காடு பாலத்துக்கு முன், கோவளம் என்று மூன்று இடத்தில் கூடித் தலை எண்ணுங்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியே கிளம்பிவிடக் கூடாது. முன்னால் வந்தவர்கள் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள்; ஓய்வு அதிகம் தேவைப்படுகிற அவருக்கும் அந்த ஐந்து நிமிடம் கிடைக்க வேண்டும். கிளம்பும் முன் இந்த விதிகளை ஐந்தே நிமிடத்தில் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள்.

டிபன் கோவளத்திலா, திரும்பி வந்தா?

திரும்பி வந்து. கோவளத்தில் இளநீர், வாழைப்பழம், காலை நீட்டி இருபது நிமிடம், அவ்வளவே. பொங்கல் வடை சாப்பிட்டு 23 கிலோமீட்டர் மிதிப்பது வயிற்றுக்கு ஆகாது. டிபன் கடையில் பேச்சு நீண்டால் எட்டு மணி கணக்கும் தவறும்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது?

வியர்வைத் துணியை உடனே மாற்றிக் குளியுங்கள். ஈர ஷார்ட்ஸோடு உட்கார்ந்திருந்தால் தொடை இடுக்கில் கொப்புளம் வரும். ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். பிறகு வண்டி. கடற்காற்றின் உப்பு செயினிலும் போல்ட்டுகளிலும் படிந்திருக்கும், அடுத்த ஞாயிறுக்குள் துருவேறும். ஈரத்துணியால் வண்டியைத் துடைத்து, காய்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கி இருபது சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். வழியில் கழற்றிய டியூபுக்கு அன்றைக்கே பேட்ச் ஒட்டி, மறுபடி பையில் போட்டு வையுங்கள்.